ஏற்றும் நாள், இறக்கும் நாள்

(எர்ணாவூரில் ஆலைத் தொழிலாளர்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அறிமுகம் செய்த தம்பி என்னை வால்வு நிபுணர் என்றார். அப்படியெல்லாம் இல்லை. ஃபிட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு செகண்ட் கிளாஸ், அப்புறம் ஃபர்ஸ்ட் கிளாஸ் பாய்லர் அட்டெண்டன்ட் சர்டிபிகேட் வாங்கினேன். பாதி ஆயுள் பாய்லர் ஹவுஸில் போயிற்று. காது கொஞ்சம் மந்தம். கேள்வி கேட்கிறவர்கள் சத்தமாகக் கேளுங்கள்.

முதலில் பையிலிருந்து ஒரு பொருளை எடுக்கிறேன். முன் வரிசையிலிருந்து அப்படியே கைமாற்றிப் பின்னால் அனுப்புங்கள். இரண்டு அங்குல கேட் வால்வின் ஆப்பு இது. கம்பெனிக்காரர்கள் வெட்ஜ் என்பார்கள். கீழ் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். அடி ஓரத்தில் எலி கொறித்தது மாதிரி பள்ளம் பள்ளமாக இருக்கும். எலி கொறிக்கவில்லை, ஆவி கொறித்தது. அந்த விளிம்பில் போட்டிருப்பது ஸ்டெல்லைட், கோபால்ட்டும் குரோமியமும் கலந்த கடினமான உலோகம். அரம் போட்டால் அரம்தான் வழுக்கும். அதையே இப்படி ஆக்கியிருக்கிறது. எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தெற்கே ராயபுரம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் ஆவியில் கிளம்பியது. மேற்கே மணலி. சுத்திகரிப்பு ஆலையிலும் உர ஆலையிலும் ஆவி இல்லாமல் ஒரு கோபுரமும் நிற்காது. திருவொற்றியூரில் டயர் வேகவைக்க ஆவி வேண்டும். வடக்கே எண்ணூர் அனல் மின் நிலையம். 1970-ல் ஓடத் தொடங்கியது. 60 மெகாவாட்டில் இரண்டு, 110-ல் மூன்று, ஆக 450 மெகாவாட். 2017 மார்ச் மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். உங்களில் பல பேருடைய அப்பாவோ மாமாவோ அந்த கேட்டுக்குள் சைக்கிளில் போனவர்கள்தான். அதற்கும் அப்பால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம். அங்கே 210 மெகாவாட் யூனிட்டும் பார்க்கலாம், 600-ம் பார்க்கலாம், 2024-ல் தொடங்கிவைத்த 800-ம் பார்க்கலாம். பக்கத்திலேயே வல்லூர். இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் ஆவியின் எல்லாப் படிகளையும் பார்க்கக்கூடிய ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? நெய்வேலியைச் சொல்லலாம். ஆனால் அங்கே கடல் கிடையாது. கடலுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம் என்பதும் பின்னால் வரும்.

படிகள் என்றேன். வீட்டு குக்கரிலிருந்து ஏறிப் பார்ப்போம். விசில் அடிக்கும்போது உள்ளே காற்றழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு பார், சூடு 120 டிகிரி. சாயப் பட்டறையிலோ டயர் ஆலையிலோ 10 பார் என்றால் 184 டிகிரி. 40 பாருக்கு 252. 210 மெகாவாட் யூனிட்டின் மெயின் ஸ்டீம் ஏறக்குறைய 150 கிலோ, 540 டிகிரியை ஒட்டி. அதற்கும் மேலே போனால் 221 பார், 374 டிகிரி என்று ஒரு வாசல்படி வருகிறது. அதைத் தாண்டினால் தண்ணீர், ஆவி என்ற பேதமே போய்விடும். கொதித்துக் குமிழி விடுவது என்பதே அங்கே இல்லை. அத்திப்பட்டின் 800 மெகாவாட் அந்தப் படிக்கு மேலே நின்று ஓடுவது.

சரி, வால்வுக்கு வருவோம். வால்வு வேண்டும் என்று பர்ச்சேஸுக்கு எழுதும்போது என்ன எழுதுகிறோம்? சைஸ் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, ஃபிளேஞ்சா வெல்டிங்கா, எப்போது வேண்டும். 'நேற்றே வேண்டும்' என்று கடைசிக் கட்டத்தில் எழுதுவது நம் வழக்கம். எனக்குத் தெரிந்தவரை அந்த ஃபாரத்தில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. இந்த வால்வு ஏற்றும் நாளில் என்ன பாடுபடும், இறக்கும் நாளில் என்ன பாடுபடும்? பிளான்ட் சீராக ஓடும் நாளில் வால்வுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. திறந்த வால்வு திறந்தபடி, மூடியது மூடியபடி நிற்கும். பாய்லரை லைட்டப் செய்யும் விடியற்காலையில், டிரிப் ஆகும் நடுராத்திரியில், ஷட்டவுனுக்கு மூடும் சாயங்காலத்தில்தான் அதற்குச் சோதனை. வாங்குகிறவர் ஓடும் நாளை மனதில் வைத்து வாங்குகிறார். கஷ்டப்படுகிறவர் மற்ற இரண்டு நாளிலும் ஷிஃப்டில் இருக்கிறவர். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

வால்வின் பாடியில் அச்சு வார்த்திருக்கும் எண்ணைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 150, 300, 600 என்று கிளாஸ் போட்டிருப்பார்கள். 300 என்றால் 300 பவுண்டு தாங்கும் என்று அனுபவஸ்தர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது கிளாஸின் பெயர், பஸ்ஸுக்கு ரூட் நம்பர் இருக்கிற மாதிரி. சாதாரண கார்பன் ஸ்டீல் வார்ப்பில், அதாவது டபிள்யு.சி.பி.யில், கிளாஸ் 300 வால்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உடம்புச் சூட்டில் 51 பார் தாங்கும். 200 டிகிரியில் 43.8. 400-ல் 34.7. 425-ல் 28.8. சூடு ஏற ஏற இரும்பின் தைரியம் குறைந்துகொண்டே வருகிறது. கிளாஸ் 150 இன்னும் மோசம்: குளிரில் 19.6 பார், 400 டிகிரியில் வெறும் 6.5. கடைக்காரர் குளிர்ந்த தண்ணீரில் டெஸ்ட் அடித்துக் காட்டுவார், ஒரு சொட்டு வராது. பொய் சொல்லவில்லை அவர். உங்கள் லைனில் ஓடுவது தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

425 டிகிரிக்கு மேல் கார்பன் ஸ்டீலை வருடக்கணக்கில் வைத்தால் இன்னொரு வினை நடக்கிறது. இரும்புக்குள் இருக்கும் கார்பன் பிரிந்து பென்சில் கரியாக, கிராஃபைட்டாக மாறுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பலம் போய்விடும். அதற்கு மேல் குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த ரகங்களுக்குப் போகவேண்டும். டபிள்யு.சி.6, டபிள்யு.சி.9, இன்னும் மேலே போனால் 9 சதவீதக் குரோமியம் உள்ள சி12ஏ. அந்த ரகத்தில் வெல்டிங் வைப்பது தனி வித்தை. முன்சூடு, பின்சூடு கணக்கு தப்பினால் வால்வு நல்லதாகவே இருக்கும், ஜாயிண்ட் வெடிக்கும். வார்ப்பிரும்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதிக அழுத்த ஆவியில் அதற்கு இடமில்லை. எஃகு முதலில் வீங்கும், வளையும், நமக்கு ஒரு சாடை காட்டும். வார்ப்பிரும்பு ஒன்றும் சொல்லாமல் பானை மாதிரி உடையும்.

கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் சட்டென்று மூடும் பால் வால்வு எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் சாதாரண பால் வால்வின் சீட் டெஃப்லான். தோசைக் கல்லில் பூசுகிறார்களே, அதே சரக்கு. 200 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். சூப்பர்ஹீட் லைனில் அதைப் போட்டால் முதல் லைட்டப்பிலேயே சீட் வழிந்துவிடும். உலோக சீட் வைத்த பால் வால்வு இருக்கிறது, விலை வேறு. இன்னொரு சங்கடம், கால் வட்டத்தில் திறப்பதுதான். ஆவி லைனை அவ்வளவு சீக்கிரம் திறக்கவே கூடாது. நியூயார்க் கதை வரும்போது ஏன் என்று புரியும்.

வேலையை வைத்து வால்வைப் பிரிப்பதுதான் சரி. அடைப்பது ஒரு வேலை, அளவாக விடுவது ஒரு வேலை, திரும்பி வராமல் தடுப்பது ஒரு வேலை, மிஞ்சினால் வெளியே விடுவது ஒரு வேலை. ஒருவன் வேலையை இன்னொருவனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சிதான் கைமாறிக்கொண்டிருக்கிறது. இப்போது எத்தனையாவது வரிசை? நாலாவதா? சரி.

கேட் வால்வு அடைப்பதற்கு மட்டும். முழுக்கத் திற, இல்லை முழுக்க மூடு. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், பேர் வேண்டாம், ஒரு ஹீட்டருக்குப் போகும் லைனில் குளோப் வால்வு ரிப்பேர். புதுசு வரும்வரை முன்னால் இருந்த கேட் வால்வைக் கால்வாசி திறந்து ஓட்டினோம். 'நாலு நாளைக்குத்தானே' என்றார்கள். நாலு நாள் எட்டு மாதமாயிற்று. ஆப்பின் அடி ஓரத்துக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள சின்னச் சந்து வழியாக ஆவி ஒலியின் வேகத்தை ஒட்டிப் பாய்கிறது. அதில் நாலு துளி ஈரம் இருந்தால் மணல் அடிக்கிற மாதிரிதான். இங்கிலீஷ்காரன் வயர் டிராயிங் என்று பேர் வைத்தான். கம்பி இழுத்த மாதிரி கோடு விழும். எட்டு மாதம் கழித்து ஒரு கேஸ்கெட் மாற்ற வேண்டி அந்த வால்வை மூடினோம். மூடி என்ன பயன்? பாஸிங், மூடிய பிறகும் ஆவி கசிந்துகொண்டிருந்தது. ஃபிளேஞ்ச் போல்ட்டைத் தளர்த்தியதும் எதிரே இருந்த ஒருவர் முழங்கையில் ஆவி பட்டது. தழும்பு இருக்கிறது, ஆள் நன்றாக இருக்கிறார். ஆட்கள் கை வைத்து வேலை செய்யும் அதிக அழுத்த லைனில் ஒரு வால்வை நம்பாதீர்கள். இரண்டு வால்வு, நடுவில் வெளிக்காற்றுக்குத் திறந்த ஒரு டிரெயின். முதல் வால்வு பாஸ் ஆனாலும் டிரெயினில் வெளியேறிவிடும். இது டிசைனிலேயே இருக்க வேண்டும். ஷட்டவுன் அன்று போய்த் தேடினால் கிடைக்காது.

அளவாக விட குளோப் வால்வு. உள்ளே ஆவி எஸ் போட்டுத் திரும்பி மேலே ஏறிப் போகும். அழுத்தம் கொஞ்சம் விரயமாகும், பரவாயில்லை. படுக்கை லைனில் ஸ்பிண்டில் மேலே பார்க்க வைத்தால் அந்த எஸ் ஒரு வாய்க்கால் மடை மாதிரி ஆகிவிடும், முன்னால் தண்ணீர் தேங்கும். பக்கவாட்டில் படுக்க வைத்தால் தேங்காது. பெரிய சைஸ் குளோப் வால்வில் ஸ்பிண்டில் மேல் வரும் பாரத்தையும் கணக்குப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் துளைக்கு 100 பார் என்றால் ஏறக்குறைய எட்டு டன். இரண்டு யானை. கையால் திருப்பு என்று ஆபரேட்டரைச் சொல்வது அநியாயம்.

கன்ட்ரோல் வால்வில் நம் எஞ்சினியர்கள் செய்யும் பெரிய தப்பு, லைன் சைஸையே வாங்குவது. ஆறு அங்குல லைனா, ஆறு அங்குல வால்வு. பாதுகாப்புக்கு என்பார்கள். தேவை குறைந்த நாளில் அது பத்து சதவீதம்கூடத் திறக்காது. சீட்டை ஒட்டிக்கொண்டு நடுங்கும், கத்தும், தேய்ந்து போகும். லைனைவிட ஒரு சைஸ், சில இடத்தில் இரண்டு சைஸ் சின்னதாக வால்வு வருவது சகஜம். 'சின்னதாக வாங்கி மாட்டிக்கொண்டால்?' என்ற பயத்துக்குப் பதில், அதிகபட்சத் தேவையோடு குறைந்தபட்சத் தேவையையும் எழுதிக் கொடுப்பதுதான். குறைந்தபட்சத்தை யாரும் எழுதுவதில்லை. அதுவும் ஏற்றும் நாள், இறக்கும் நாள் சமாச்சாரம்தான்.

திரும்பி வராமல் தடுக்கும் என்.ஆர்.வி.யைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். பல பாய்லர்கள் ஒரே ஹெடரில் ஆவி கொட்டும் இடத்தில், ஒன்றில் டியூப் பஞ்சர் ஆனால் மற்ற பாய்லர்களின் ஆவி எல்லாம் திரும்பி அந்த ஒன்றுக்குள் பாயும். உள்ளே ஆள் இருந்தால் கதி என்ன? அதற்காகத்தான் தானாக மூடும் வால்வு, வேண்டும்போது கையாலும் இறுக்கி மூடும்படி.

இனி ஒரு ராத்திரிக் கதை. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஆறு அங்குல கேட் வால்வு, மெயின் ஹெடரிலிருந்து ஒரு கிளை. சாயங்காலம் நல்ல சூட்டில் மூடச் சொன்னார்கள். பாஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் வீல் கீ போட்டு நானும் இன்னொருவரும் முழு பலத்தோடு இறுக்கினோம். பெருமையாகவும் இருந்தது. விடியற்காலை நாலு மணிக்குத் திறக்கப் போனால் அசையவில்லை. நாலடி பைப்பை வீல் கீயில் செருகி இரண்டு பேரும் தொங்கினோம். ஹேண்ட்வீலின் ஆரம் ஒன்று 'டங்' என்று விட்டது. ஷிஃப்டில் ஒரு மூத்த ஃபிட்டர் இருந்தார். நாங்கள் வாத்தியார் என்போம். பீடியை அணைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"இன்னாடா, ஆப்பசைச்ச கொரங்கு மாதிரி தொங்கிக்கினு கீறீங்க. அது குளுந்து போச்சுடா. கெட்டியா புட்ச்சுகிச்சு. சூடு ஏத்து, தானா உடும்."

பக்கத்தில் கட்டை விரல் மொத்தத்தில் ஒரு பைபாஸ் வால்வு இருந்தது. அதுவரை அதற்கு ஒரு வேலை உண்டு என்றே எனக்குத் தெரியாது. அதை அரை வட்டம் திறந்தார். உஸ்ஸென்று சத்தம். கீழே டிரெயினில் முதலில் பழுப்புத் தண்ணீர், பிறகு வெந்நீர், பிறகு புகை. முக்கால் மணி நேரம் போல ஆயிற்று. இரண்டு பக்கமும் பிரஷர் ஒன்றானது, பாடியும் சூடானது. வாத்தியார் ஒரே கையால் வீலைத் திருப்பினார். ஒரு நெளிவு நெளிந்து விட்டுக்கொடுத்தது.

என்ன நடந்தது? சூட்டில் பாடி விரிந்திருந்தபோது ஆப்பை அழுத்திச் செருகிவிட்டோம். ராத்திரி பாடி குளிர்ந்து சுருங்கி ஆப்பைக் கவ்விக்கொண்டது. 'தெர்மல் பைண்டிங்' என்ற பெயர் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வால்வின் ஆப்பு ஒரே கெட்டிக் கட்டி. நடுவே வெட்டுக் கொடுத்த, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் ஆப்பு விற்கிறது. அதைவிட ஆவிக்கு ஏற்றது பேரலல் ஸ்லைடு. அதில் ஆப்பே கிடையாது. ஒன்றுக்கொன்று இணையான இரண்டு தட்டு, நடுவே ஒரு ஸ்பிரிங். இறுக்கி அடைப்பது நம் கை இல்லை, ஆவியின் அழுத்தமே தட்டைச் சீட்டோடு ஒட்ட வைக்கிறது. இறுக்க வேண்டிய அவசியம் இல்லாததால் கவ்வுவதும் இல்லை. இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஹாப்கின்சன் கம்பெனிக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொண்டுவந்தது. ஓடும் நாளில் மூன்று வகையும் ஒரே மாதிரிதான் இருக்கும், விலைதான் வேறு. நாலு மணிக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

கேட் வால்வில் இன்னொரு பொறி. மூடிய வால்வின் தலைக்குள், பானட்டுக்குள், தண்ணீர் சிக்கிக்கொண்டால், ஏற்றும் நாளில் அது சூடாகி, போக வழியில்லாமல் இரண்டு பக்கமும் தட்டை நெரிக்கும். வால்வு திறக்காது, சில சமயம் பானட் கேஸ்கெட்டே பறக்கும். ஆர்டர் போடும்போதே அதற்கு வடிகால் கேட்டு வாங்கலாம். பெரும்பாலும் கேட்பதில்லை. பானட் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கிளாஸ் 900-க்கு மேல் பிரஷர் சீல் என்று ஒரு மூடி வரும். சாதாரண மூடியை ஆவி தூக்கப் பார்க்கும், போல்ட் பிடித்து நிற்கும். இதில் மூடி உள்ளேயிருந்து மேல்நோக்கி உட்கார்கிறது. ஆவி எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுகும். எதிரியின் பலத்தையே தன் பக்கம் திருப்பிக்கொள்வது. எனக்குப் பிடித்த அமைப்பு. ஆனால் இதற்கும் அழுத்தம் குறைவான நேரம்தான் பலவீனம். லைட்டப்பில் கசியலாம். பிரஷர் ஏறிய பிறகு மேலே உள்ள போல்ட்டை மறுபடி பிடிக்க வேண்டும். அந்த வேலையைப் பழகியவர் இல்லாத இடத்தில் அதை வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை.

நியூயார்க் என்றேன். அந்த ஊரில் தெருவுக்கு அடியில் ஆவிக் குழாய் ஓடுகிறது, கட்டடங்களுக்கு விற்கிறார்கள். 2007 ஜூலை 18, சாயங்காலம். லெக்சிங்டன் அவென்யூவில் 1924-ல் புதைத்த குழாய் வெடித்துத் தெருவே கிளம்பியது. ஒருவர் இறந்தார், பல பேருக்குக் காயம். குழாய் பழசு என்பதால் அல்ல. அன்று காலை கனமழை. மழைத் தண்ணீர் குழாயைச் சுற்றித் தேங்கிக் குளிர வைத்தது, உள்ளே ஆவி தண்ணீராகிச் சேர்ந்தது. அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டிய ஸ்டீம் டிராப்புகள் அடைத்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு ஃபிளேஞ்ச் கசிவை அடைக்கச் செலுத்திய பசை உள்ளே போய் டிராப்பை அடைத்துவிட்டது. தேங்கிய தண்ணீருக்குள் ஆவி சிக்கி நொடியில் சுருங்கினால் அந்த வெற்றிடத்துக்குத் தண்ணீர் சம்மட்டி மாதிரி பாயும். வாட்டர் ஹாமர். ஒரு கசிவை நிறுத்தப் போட்ட பசையில் வந்த வினை.

நம் ஊர் மழையை நினைத்துப் பாருங்கள். டிசம்பரில் லேக்கிங், அதாவது குழாயைச் சுற்றிய வெப்பக்காப்பு, நனைந்து தகரம் பிய்ந்து தொங்கும் லைனில் என்ன நடக்கும்? டிராப் என்பதும் வால்வுதான், தானே திறந்து மூடும் சின்ன வால்வு. மெயின் வால்வுக்கு மூன்று பேர் கையெழுத்துப் போடுவார்கள். டிராப்பை ஸ்டோரில் இருப்பதை எடுத்து மாட்டிவிடுவோம். ஸ்க்ரூ டிரைவரின் இரும்பை டிராப்பில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். தட்டு வகை டிராப் 'டிக்... டிக்...' என்று இடைவெளி விட்டு அடித்தால் நலம். விடாமல் சீறினால் ஆவி ஓடுகிறது. சத்தமே இல்லாமல் குளிர்ந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். அந்த லைனில் பெரிய வால்வைத் திறப்பவர் குருட்டுத்தனமாகத் திறக்கிறார்.

சேஃப்டி வால்வைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பாவம். இதைக் கண்டுபிடித்தவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-ல் லண்டனில் எலும்பு வேகவைக்க இறுக்கி மூடும் பாத்திரம் ஒன்று செய்து காட்டினார். நம் குக்கரின் தாத்தா. அது வெடிக்காமல் இருக்க நெம்புகோலில் எடை தொங்கவிட்டு ஒரு வால்வு வைத்தார். அதிக அழுத்தம் வேண்டும் என்று அந்த எடையோடு இன்னும் கொஞ்சம் இரும்பைக் கட்டுகிறவர்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஸ்பிரிங் வந்தது, சீல் வந்தது, ஆள் மாறவில்லை. இங்கேயும் தேர்வில் முக்கியம், எவ்வளவு ஆவியை வெளியே விடும் என்பது. பாய்லர் முழு வேகத்தில் உற்பத்தி செய்வதை மொத்தமும் விட்டாக வேண்டும். பாய்லருக்கும் அதற்கும் நடுவே எந்த வால்வும் இருக்கக் கூடாது. ஹைட்ரோ டெஸ்ட் அன்று திறக்காமல் இருக்க காக் என்று ஒரு திருகாணி போடுவார்கள். டெஸ்ட் முடிந்ததும் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கண்ணால் பார்த்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், கேட்டுத் தெரிந்துகொண்டவர் அல்ல.

கண்ணால் பார்ப்பது பற்றி இன்னொரு சம்பவம். 1979 மார்ச் 28, அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையம். அழுத்தம் மிஞ்சி ஒரு ரிலீஃப் வால்வு திறந்தது, சரியாகத்தான் திறந்தது. திரும்ப மூடவில்லை. கன்ட்ரோல் ரூமில் விளக்கு அணைந்துவிட்டது. அணைந்தால் மூடியாகிவிட்டது என்று நினைத்தார்கள். அந்த விளக்கு காட்டியது மூடச் சொல்லி அனுப்பிய உத்தரவை, வால்வின் நிலையை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது, உலையின் மையம் ஏறக்குறைய பாதி உருகியது. மோட்டார் வால்வு வாங்கும்போது ஸ்கிரீனில் பச்சை, சிவப்பு எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்பிண்டிலிலிருந்து எடுத்தால் நம்பலாம்.

இப்போது கடல். எண்ணூர்க் காற்றில் உப்பு, நிலக்கரிச் சாம்பல், இரண்டும் இருக்கிறது. அதிக அழுத்த வால்வுகளில் ஸ்பிண்டிலின் மரை ஆவியில் படாமல் வெளியே, யோக் என்ற சட்டத்தில் இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஊரில் அந்த மரை மேல் கிரீஸ், கிரீஸ் மேல் சாம்பல், அதன் மேல் உப்பு. மூன்றும் சேர்ந்தால் லேப்பிங் பேஸ்ட், சாணைப் பசை. ஆறு மாதம் அசையாத வால்வைத் திருப்பினால் மரையைத் தானே அரைத்துக்கொள்ளும். கேட்லாகில் ஸ்பிண்டில் கவர் என்று ஒரு சின்னக் குழாய் தனி விலைக்குப் போட்டிருப்பார்கள். கோயம்புத்தூரில் அது ஆடம்பரம், எர்ணாவூரில் அது வால்வின் ஆயுள்.

ஸ்பிண்டிலைச் சுற்றி அடைக்கும் கிளாண்டின் கசிவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 10 பாரில் 3 மில்லிமீட்டர் துளை மணிக்கு 30 கிலோ ஆவிக்குக் குறையாமல் விடும், ஒரு நாளைக்கு முக்கால் டன்னை நெருங்கும். அது காசுக் கணக்கு. உயிர்க் கணக்கு வேறு. வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து துளியான பிறகு. சூப்பர்ஹீட் ஆவி கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. பழைய ஆட்கள் நீளக் கம்பில் துடைப்பத்தைக் கட்டி முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்கள். துடைப்பம் எங்கே அறுபட்டு விழுகிறதோ அங்கே கசிவு. வாத்தியார் அப்படி நடந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். கோயில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் தீவட்டி பிடிக்கிறவர் மாதிரி, அவ்வளவு நிதானமாக. அப்போதெல்லாம் கிளாண்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. கையால் பிய்த்து, சுருட்டி, பல்லால்கூட இழுத்திருக்கிறோம். இப்போது கிராஃபைட். அதற்கு நன்றி சொல்ல வேண்டிய நுரையீரல்கள் இந்த ஊரில் நிறைய இருந்தன.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து, மறு வருடமே வங்காளத்தில் சட்டம் வந்தது. பிறகு நாடு முழுமைக்கும் 1923-ல். 2025-ல் அதற்குப் பதில் புதுச் சட்டம். விதிப்புத்தகம் 1950-ன் ஐ.பி.ஆர்., அதாவது இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸ். வால்வு வந்தால் பெட்டியைத் திறக்கும் முன் ஃபாரம் த்ரீ-சி கேளுங்கள். அதில் இருக்கும் ஹீட் நம்பரும் பாடியில் அச்சு இருக்கும் நம்பரும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கி, கடைந்து, வெள்ளிப் பெயின்ட் அடித்த வால்வுகள் இந்தப் பக்கம் சுற்றுகின்றன. பெயின்டை நகத்தால் சுரண்டினால் அதன் முற்பிறவி தெரியும்.

கேள்வி? ... இந்தத் தம்பி கேட்பது, 'நான் ஹெல்பர்தான், வால்வைத் தேர்ந்தெடுப்பது ஆபீஸ், எனக்கு எதற்கு இது?' நல்ல கேள்வி. நீ தேர்ந்தெடுப்பதில்லை, சரி. ஆனால் எது எத்தனை முறை திறந்து மூடியது, எது சூட்டில் கவ்வியது, எது பாஸ் ஆனது என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். லாக் புக்கில் எழுது. நேரத்தோடு எழுது. அடுத்த ஷட்டவுனில் ஸ்பெசிஃபிகேஷன் போடுகிறவர் மேசைக்கு அது போகவில்லை என்றால் யூனியனில் சொல், அங்கேயும் நடக்கவில்லை என்றால் என்னிடம் வா, நான் பேசுகிறேன்.

அந்த ஆப்பு இப்போது யார் கையில்? கடைசி வரிசையா? மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆனால் கடற்காற்று கிளம்பிவிடும்.